அரைக் கட்டை கீழே

அம்மா பாடுவாள், அப்பா பியானோ வாசிப்பார். இந்த இருவருக்கும் பிறந்த எனக்குக் காது கிடையாது. செவிடு இல்லை, சுருதி சேர்ந்ததா விலகியதா என்று தெரியாது, அவ்வளவுதான். "இது யாரைக் கொண்டு பொறந்ததுன்னே தெரியல" என்று அப்பா அலுத்துக்கொள்வார். அதனாலோ என்னவோ, அவர்களுடைய கச்சேரிகளில் ஒலி பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்குக் காது வேண்டாம், கண் போதும். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் நல்லது. மஞ்சள் எரிந்தால் குறைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் அவசரம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அவசரம் எங்கள் டிரம்காரர். தொடங்கிய வேகத்தில் ஒரு பாட்டையும் அவர் முடித்ததில்லை என்பதால் ஊர் வைத்த பெயர். பகலில் எலக்ட்ரீஷியன். பேஸ் வாசிப்பவர் நெட்டை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். ஜாஸ் வாசிக்கிற குழுக்கள் ஊரில் நான்கைந்து உண்டு என்றாலும் அந்த ஆளுயர வாத்தியத்தை வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான். அதனால் எல்லாக் குழுவிலும் இவரே இருப்பார். யார் கச்சேரி வைத்தாலும் முதலில் நெட்டையிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள்.

எங்களுடைய இடம் பேக்கரிக்கு மேல்மாடி. முன்பு மாவு மூட்டை அடுக்கியிருந்த அறை. ஞாயிறு சாயங்காலம் நாற்காலிகளைப் போடுவோம், கீழேயிருந்து கேக்கும் காப்பியும் மேலே வரும். இசைக்காக வருகிறவர்கள் பாதி, கேக்குக்காக வருகிறவர்கள் பாதி. முன்வரிசையில் எப்போதும் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு, தப்பாமல் தப்பான இடத்தில் தாளம் போடுவார்.

அப்பா தெருமுனை மருந்துக்கடையில் மருந்தாளுநர். தொண்டைக் கரகரப்புக்கு மருந்து வாங்க அம்மா அந்தக் கடைக்குப் போனபோதுதான் முதல் பேச்சு. "இன்னிக்குப் பாடணும், உடனே கேக்கிற மாதிரி ஏதாவது குடுங்க" என்று அவள் கேட்க, "மருந்து தரேன், ஆனா பாடாதீங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, பாடுகிறாளா இல்லையா என்று பார்க்க அன்று சாயங்காலமே அவள் குழுவின் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். பாடினாள். அடுத்த மாதமே இவர் அந்தக் குழுவின் பியானோக்காரர். கொஞ்ச நாளில் வீட்டுக்காரர்.

வீட்டின் முன்னறை அம்மாவின் தையல் அறை. புதுத்துணி தைப்பதில்லை, பிரித்துத் தைப்பது, சுருக்குவது, நீட்டுவது மட்டும். அடுத்த அறையில் பியானோ. மெஷின் சத்தம் நின்றால் பியானோ சத்தம் கேட்கும், பியானோ நின்றால் இருவரும் சண்டை போடுவது கேட்கும். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், யார் யாருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று ஓயாத சண்டை. கச்சேரியில் அதில் ஒன்றும் தெரியாது. அம்மா கூட்டத்தைப் பார்த்துப் பாடுவாள். அப்பா கட்டைகளைப் பார்க்கவே மாட்டார். அவள் முதுகைப் பார்த்தே வாசிப்பார்.

அவர்கள் பாட்டுகளில் பேர்போனது ஏணிப் பாட்டு. மெட்டு அப்பாவுடையது, வரிகள் அம்மாவுடையவை. படிப்படியாக மேலே ஏறி, கடைசிப் படியில் குரல் தனியாக நிற்கும். பியானோ, பேஸ், டிரம் எல்லாம் அடங்கிவிடும். அவள் ஒருத்தி மட்டும் உயரத்தில். அந்த இடத்துக்காகவே காத்திருந்து, அது முடிந்ததும் கேக்கைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே அதை ரெக்கார்டிங் செய்து வெளியிட்டார்கள். ஊரில் பாடக் கற்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதைப் பாடிப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

போன மழைக்காலத்தில் அப்பா கடைப்படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டார்கள்.

"இந்த ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு பேக்கரியில சொல்லிடு" என்றார் அம்மாவிடம்.

"எதுக்கு? உங்க கைதானே உடைஞ்சது, என் தொண்டையா? வேற ஆளை வச்சுப் பாடறேன்."

"வேற யாரு இருக்கா?"

"புதுசா வந்திருக்கே ஒரு பொண்ணு, நீச்சல் சொல்லிக்குடுக்குதே. நல்லா வாசிக்குதுன்னு நெட்டையே சொன்னான்."

"அந்தப் பொண்ணுக்கு நம்ம பாட்டெல்லாம் தெரியாது."

"தெரியலேன்னா தெரிஞ்சுக்கும். நீங்க பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வந்தீங்க?"

அப்பா விடவில்லை. ஒரு மாதம் ஓய்வெடு என்றார். கூட்டம் கம்மியாகத்தான் வரும் என்றார். தன்னை விட்டுவிட்டுப் பாடப்போகிறாளே என்று மனிதருக்குப் பொறாமை என அம்மா நினைத்தாள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட. கடைசியில் அப்பா ஏணிப் பாட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னார். "அதை நான் வந்தப்புறம் பாடிக்கலாம்." அம்மா சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கை வீங்கி வலி கண்டிருந்ததால் வீட்டிலேயே இருந்துவிட்டார். நீச்சல் டீச்சர் நேரத்துக்கு முன்பே வந்து, பதற்றத்தில் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நெட்டை குனிந்து அவள் காதில் ஏதோ சொல்வார், அவள் தலையசைத்து ஆரம்பிப்பாள். பெட்டியில் பச்சை விளக்கு. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முடிக்கப் போகும் நேரத்தில் கூட்டத்திலிருந்து யாரோ ஏணிப் பாட்டைக் கேட்டார்கள். பல் டாக்டர் கைதட்டினார். அம்மா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "வருமா?" என்றாள்.

"வரும் மேடம். உங்க ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஜாஸுக்கே வந்தேன்!"

நெட்டை குனிவதற்குள் அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நெட்டையின் முகத்தைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டும்போது எதிரே லாரி வந்தால் அப்படித்தான் இருக்கும் அவர் முகம் என்று தோன்றியது. அம்மா பாடத் தொடங்கினாள். இரண்டாம் வரியிலேயே அவள் கை மைக்கை இறுகப் பிடித்தது. ஏறினாள். கடைசிப் படிக்கு முன் எல்லா வாத்தியங்களும் அடங்கின. அவள் வாய் திறந்தாள். குரல் வந்தது, கீறியது, பாதியில் நின்றுவிட்டது. வெறும் காற்று மைக்கில் பட்டது. எனக்குக்கூடத் தெரிந்தது.

பிறகு கைதட்டினார்கள். எழுந்து நின்று, வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் தன்னைக் கொன்றது என்று அம்மா பிறகு சொன்னாள்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் அழாத குறையாக வந்து நின்றாள். "மேடம், நான் ஏதாவது தப்பா வாசிச்சிட்டேனா? ரெக்கார்டிங்ல இருக்கிற அதே சுருதிதான் பிடிச்சேன்."

"அதே சுருதியா?" என்றாள் அம்மா. "அப்படின்னா நாங்க வாராவாரம் வாசிக்கிறது எது?"

கேள்வி அந்தப் பெண்ணிடம் கேட்டது என்றாலும் பார்வை நெட்டையிடம் போனது. அவர் பேஸை உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அந்த உறைக்குள் தானும் நுழைந்துகொள்ள இடம் இருக்குமா என்று தேடுவதுபோல இருந்தது.

"ஒன்றரைக் கட்டை கீழே அக்கா" என்றார், நிமிராமல். "அண்ணன்தான்... ஒரே தடவையா இல்ல. அரைக் கட்டை அரைக் கட்டையா."

பியானோவில் ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் உள்ள தூரம் அரைக் கட்டை. அதுமட்டும் எனக்குத் தெரியும். அந்தத் தூரத்தைச் சில வருடங்களில் மூன்று தடவை அப்பா இறக்கியிருக்கிறார். அம்மா காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது ஒரு தடவை, நான் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டை ரணகளம் ஆக்கியிருந்த சமயத்தில் ஒரு தடவை, இப்படி அவள் கவனம் வேறெங்கோ இருந்த நேரமாகப் பார்த்து. இந்தப் பாட்டை மட்டுமல்ல, உயரம் போகிற எல்லாப் பாட்டையும். நெட்டை குனிந்து குனிந்து அந்தப் பெண்ணின் காதில் சொன்னது அந்தச் சுருதிகளைத்தான்.

வீட்டுக்கு வந்தோம். அப்பா கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வாசலிலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்போலேர்ந்து?" என்றாள் அம்மா.

"உள்ள வந்து உக்காரு முதல்ல."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். எப்போலேர்ந்து?"

"ஒரு நாள் அந்தக் கடைசி இடம் வர்றதுக்கு முன்னால உன் தோள் மேல ஏறுச்சு. முன்னெல்லாம் ஏறாது. நீ பயந்தே. உனக்கே தெரியாம பயந்தே. அடுத்த வாரம் அரைக் கட்டை இறக்கினேன். தோள் இறங்கிடுச்சு."

"பயந்தேன்னு என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா இன்னும் பயந்திருப்பே."

"அது என் பயம். நீங்க யாரு அதை எடுத்து ஒளிச்சு வைக்கறதுக்கு?"

அப்பாவுக்கும் கோபம் வந்தது. "நீ மட்டும் என்னவாம்? இடுப்பு பெருத்து வர்றவங்ககிட்ட 'துணிதான் சுருங்கிப்போச்சு'ன்னு சொல்லித்தானே பிரிச்சுத் தச்சுக் குடுக்கறே?"

"அவங்க அளவெடுக்கச் சொல்லி என் முன்னாடி வந்து நிக்கறாங்க. நான் அப்படி நின்னேனா? முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். உங்களை நம்பி."

அப்பா வாசலிலிருந்து விலகி அவளுக்கு வழிவிட்டார்.

அம்மாவை எது அதிகமாகச் சுட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தின கோடையில் ஊரிலுள்ள எல்லாக் குழுக்களும் சேர்ந்து பூங்காவில் வாசித்தபோது, இளம் பாடகிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு குரலை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் மூச்சுப் பயிற்சி, வெந்நீர், தூக்கம் என்றெல்லாம் வகுப்பே எடுத்தாள். "இத்தனை வருஷத்துல ஒரு நூல்கூட இறங்கல" என்றாள். அப்பா, நெட்டை, அவசரம் மூவரும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"அத்தனை பேரும் என்னைப் பாத்துப் பாவம்னு நினைச்சிருக்கீங்க" என்று தையல் அறையில் உட்கார்ந்து சொன்னாள். "நான்தான் பெருமையா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பாட்டை நிறுத்தினாள். வீட்டில் பேச்சு நிற்கவில்லை. பால் வாங்கணும், குழாய் ஒழுகுது, மாத்திரை போட்டாச்சா எல்லாம் நடந்தது. ஒரு கையால் அப்பாவுக்குச் சட்டை மாட்ட வராது. அம்மா அவருடைய சட்டைகளின் வலது கையைப் பிரித்து, மாவுக்கட்டு நுழையும்படி அகலமாக்கி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அத்தனை கோபத்திலும் தையல் நேராக இருந்தது. தினமும் காலையில் எதிரே நின்று பித்தான் போட்டுவிடுவாள். கழுத்துப் பித்தான்வரை போடுவாள், ஆனால் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "அசையாதீங்க" என்பாள்.

நெட்டை வந்து முன்னறை வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நின்றார். "அக்கா, என்னையும் நாலு வார்த்தை திட்டிடுங்க. நிம்மதியா இருக்கும்."

"உனக்குன்னு தனியா நேரம் ஒதுக்கி வச்சிருக்கேன். முதல்ல பெரியவரை முடிச்சுக்கறேன், வரிசையில நில்லு."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் நீச்சல் டீச்சர் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான். ஈரம் காயாத முடியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தான் நெட்டையைக் கேட்காமல் தொடங்கியது தப்பு என்றாள். அம்மா ஒரு கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு கத்திரியைக் கீழே வைத்தாள்.

"நீ ஒருத்திதாம்மா நேர்மையா வாசிச்சே. உனக்கு இன்னிக்கு வேற வேலை இருக்கா?"

"இல்ல மேடம்."

"வா."

பியானோ அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா கோப்பையோடு எழுந்தார். "நீங்க அங்கேயே இருங்க" என்று கதவைச் சாத்தினாள். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

ரெக்கார்டிங்கில் இருந்த சுருதியிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுபடி உடைந்தது. அரைக் கட்டை இறக்கச் சொன்னாள். பிறகு இன்னும் அரை. ஒவ்வொன்றிலும் பாட்டை முழுசாகப் பாடினாள், எதையும் தாண்டவில்லை. அப்பா இறக்கி வைத்திருந்த சுருதி வந்தபோது கடைசிப் படி சுலபமாகவே வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வருதுதான். ஆனா எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கு. இன்னும் கீழே போ."

"இதுக்கும் கீழேயா மேடம்?"

"போம்மா, பாத்துடலாம்."

எனக்குக் காது இல்லை என்று சொன்னேன். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். இன்னும் இரண்டு தடவை இறக்கிய பிறகு அம்மா இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். முதல் வரியைப் பாடிவிட்டு, நிறுத்தி, யாரோ பேசியதைக் கேட்பவள்போல ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இங்க இவ்வளவு இடம் இருந்திருக்கு பாரேன்" என்றாள் தனக்குத்தானே.

கதவுக்கு வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ரொம்பக் கீழே போயிட்டே. அதுல பாட்டு இருட்டா ஆயிடும்."

"சமையலறையில யாரோ பேசற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா அந்தப் பெண்ணிடம். "நீ வாசி."

அந்தப் பெண் போன பிறகு கதவைத் திறந்தாள். அப்பா அங்கேயே நின்றிருந்தார், டீ ஆறிப்போயிருந்தது.

"இனிமே ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலயும் என்னைக் கேக்கணும்" என்றாள். "எந்தச் சுருதின்னு. சத்தமா. எல்லார் முன்னாலயும்."

"கூட்டத்துல கேட்டா நல்லா இருக்குமா? ஒத்திகை பண்ணாம வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க."

"நினைச்சுக்கட்டும்."

அவர் தரையைப் பார்த்தார். "நான் உன்னைக் காப்பாத்தறதா நினைச்சேன்."

"தெரியும். அதனாலதான் வீட்டைவிட்டுப் போகல."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பித்தான் போடும்போது முகம் பார்க்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். அதுவும் முதலில் முறைப்பாகத்தான்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு வந்த முதல் கச்சேரி. மாடி நிறைந்திருந்தது. போன தடவை நடந்தது ஊருக்குத் தெரிந்திருந்ததால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்திருக்கலாம். அப்பா பியானோ முன் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பையன்போலக் கேட்டார்: "எந்தச் சுருதி?"

அம்மா சொன்னாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஏணிப் பாட்டு. ரெக்கார்டிங்ல இருக்கறதைவிட ரெண்டரைக் கட்டை கீழே. எனக்குத் தெரியாமலே கொஞ்சம் கீழே வந்திருந்தது. மிச்சத்தை நானா வந்தேன்."

சிலர் சிரித்தார்கள். சிரிக்கலாமா என்று தெரியாமல் சிலர் பேசாமல் இருந்தார்கள்.

நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கடைசிப் படியில் அவள் பழையபடி தனியாக நின்றாள், ஆனால் அது உயரமாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல இருந்தது. யாரும் உடனே கைதட்டவில்லை. அவசரம் மட்டும் டிரம்மில் ஒரு அடி முந்திவிட்டார், அது அவருடைய சுபாவம்.

இடைவேளையில் பல் டாக்டர் அம்மாவிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பழைய மாதிரி இல்லையே."

"எனக்கும் பழசுதான் பிடிக்கும்" என்றாள் அம்மா. "ஆனா அந்தத் துணி இப்போ ஸ்டாக் இல்ல."

அவர் அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. பிறகு வந்தார், வேறு வரிசையில் உட்கார்ந்தார். வேறு சிலர் வராமலேயே போனார்கள். இளம் பாடகிகளில் ஒருத்தி மட்டும் கச்சேரி முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று அம்மா சொல்லவில்லை. அந்தப் பூங்காவில் சொன்னதைத் திருத்திச் சொன்னதாக மட்டும் சொன்னாள்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். வீட்டில் ஒரு வேகமான பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வழக்கமாகக் கொட்டித் தீர்க்கும் இடத்தில் ஒன்றிரண்டு சுரங்களை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அடுத்த சுற்றிலும் அப்படியே.

அம்மா பாட்டை நிறுத்தினாள். "என்ன அது?"

"இடம் விட்டு வாசிக்கறேன். எல்லாத்தையும் நிரப்பிக்கிட்டே இருந்தா என்ன அழகு? வயசானா பக்குவம் வரணும்."

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா பியானோவின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"விரல் வரலையா?"

"யார் சொன்னா? வருது."

அவள் காத்திருந்தாள்.

"சுண்டு விரலும் பக்கத்து விரலும்" என்றார் அப்பா, மெல்ல. "மரத்துப்போன மாதிரி இருக்கு. டாக்டர் போகப் போகச் சரியாயிடும்னாரு. ஆகலாம், ஆகாமலும் போகலாம்."

"வேகத்தைக் குறைக்கட்டுமா? கேக்கத்தான் செய்யறேன். குறைச்சுடல."

அப்பா வலது கையை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவை இதே வேகத்துல பாக்கறேன்" என்றார். "முடியலேன்னா சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

ஆரம்பித்தார்கள். பாதி வழியில் விரல்கள் தடுக்கின. அவர் மேற்கொண்டு சமாளிக்கவில்லை, கையை எடுத்துவிட்டார். "முடியல" என்றார்.

"எவ்வளவு வேணும், நீங்களே காட்டுங்க."

அப்பா இடது கையால் சொடுக்குப் போட்டார். முதலில் கொஞ்சம் வேகமாக, பிறகு தானே தலையை அசைத்துவிட்டு இன்னும் நிதானமாக. அம்மா அதைக் காலால் தட்டிப் பார்த்தாள். ஒரு வரியை முணுமுணுத்தாள். அந்த வேகத்தில் தனக்கு எங்கே மூச்சு போதாமல் போகும் என்று சொன்னாள். அப்படியென்றால் அந்த இடத்தில் தான் நுழைந்து நிரப்புவதாக அவர் சொன்னார். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் மறுத்தாள். அதில் ஒரு சண்டை மூண்டது. நான் டீ போட எழுந்து போனேன்.